வாயுவும் வாய்மையும்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம் வாயுக்களின் வெப்பத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். இலக்கணமும் இலக்கியமும் கற்பார்க்கு ஆய்வுக்கூடத்தில் யாது பணி என்று வினவுவாரும் உளராவர். அவ்வினா தகுதியுடையதே. ஆயினும், சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு எம் விடுதி அறையில் நிகழ்ந்த சிறு செயல் ஒன்றே எம்மை இத்துறையில் புகுத்திற்று. அச்செயலில் எமக்கும் பங்கு உண்டு; அப்பங்கு பெருமை தருவதன்று. ஆதலின் அதனை முதற்கண் கூறிவிடுதலே முறையாகும்.

எம்முடன் ஓர் அறையில் உறையும் நண்பர் பௌதிகம் பயில்பவர். காற்றின் இரு தன்வெப்பங்களுக்கும் உள்ள விகிதத்தைக் காணும் சோதனையை அன்று பகலில் அவர் செய்திருந்தார். பெரிய கண்ணாடிக் கலத்தில் காற்றைச் சிறிது அழுத்தி நிறைத்து, அதன் வாயைக் கணப்பொழுது திறந்து மூடி, அழுத்தங்காட்டும் குழாயில் திரவம் நிற்கும் உயரத்தை முன்னும் பின்னும் அளப்பதே அச்சோதனை. கிளெமென்ட், டெசோர்ம்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1819-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அது. நண்பர் கண்ட முன் உயரம் 18 சென்டிமீட்டர். பின் உயரம் 4.3 சென்டிமீட்டர். முன்னதை இரண்டின் வேறுபாட்டால் வகுக்க 1.31 வந்தது. நூலிலோ 1.40 என்றிருந்தது. மறுநாட் காலையில் குறிப்பேட்டை ஆசிரியரிடம் ஒப்புவித்தல் வேண்டும். நண்பர் எழுதுகோலைக் கையிலேந்தியவாறே நெடுநேரம் வாளாவிருந்தார். "பின் உயரத்தை 5.1 என்று எழுதிவிடு, கணக்குச் சரியாகிவிடும். யார் கேட்கப் போகிறார்கள்?" என்று கூறியவர் யாமே. அவரும் அவ்வாறே எழுதினார். முழு மதிப்பெண்ணும் பெற்றார்.

விடுமுறையில் அந்த எண்ணின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. படித்த பின்னர் எம் சொல்லை நினைந்து நாணினோம். ஏனெனில், கணக்கோடு பொருந்தாத அளவை ஒருவர் மறைக்க முயன்றதும், மற்றொருவர் மறையாது உலகறியச் சொன்னதும், பின்னவர் சொன்னதன் பயனாக அறிவு வளர்ந்ததும் ஆகிய மூன்றும் அதே எண்ணைப் பற்றியே நிகழ்ந்துள்ளன. பொருந்தாத அளவைப் பொருந்தாததாகவே எழுதி வைப்பதுதான் கல்விக்கு முதற்கடமை என்பதும், அதற்கு நம் கல்லூரிகளில் மதிப்பெண் தருதல் வேண்டும் என்பதும் எம் கருத்து. அதனை நாட்டுதற்கு அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

ஒரு பொருளின் குறித்த அளவை ஒரு டிகிரி சூடேற்றுதற்கு வேண்டும் வெப்பமே அதன் தன்வெப்பம் எனப்படும். வாயுக்களிடத்து இஃது இரு வேறு அளவாய் நிற்கும். மூடிய கலத்துள் அடைத்துச் சூடேற்றின், கொடுத்த வெப்பம் முழுதும் வாயுவினுள்ளேயே தங்கும். மேலும் கீழும் நகரத்தக்க மூடியுடைய கலத்தில் இட்டுச் சூடேற்றினோ, வாயு விரிந்து மூடியை உந்தும். அவ்வுந்துதற்கும் வெப்பம் செலவாகும். ஆதலின் முன்னதைவிடப் பின்னதற்கு மிகுந்த வெப்பம் வேண்டும். பின்னதை முன்னதால் வகுத்து வரும் விகிதமே எம் நண்பர் தேடிய எண்.

இனி, வாயுக்களை எடைகொண்டு ஒப்பிடாது மூலக்கூறுகளின் எண்ணிக்கை கொண்டு ஒப்பிடின் ஓர் அழகிய ஒழுங்கு புலனாகும். எல்லா வாயுக்களிலும் மூலக்கூறுகளின் தொகை ஒன்றாயிருக்குமாறு எடுக்கும் அளவை மோல் என்பர். ஒரு மோல் வாயுவை ஒரு டிகிரி சூடேற்றுங்கால் மூடியை உந்துதற்குச் செலவாவது, எவ்வாயுவாயினும், ஏறத்தாழ 2 கலோரியே. உள்ளே தங்கும் வெப்பமே வாயுவிற்கு வாயு வேறுபடுவது. அவ்வேறுபாட்டிற்குக் காரணம் மூலக்கூற்றின் அமைப்பாகும்.

ஹீலியம், பாதரச ஆவி முதலியவற்றில் தனித்த ஓர் அணுவே மூலக்கூறாய் நிற்கின்றது. அது முன்பின்னும், இடவலமும், மேல்கீழுமாக மூவழியில் இயங்கும். வழி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கலோரியாக 3 கலோரி உள்ளே தங்கும். நைட்ரஜன், ஆக்சிஜன் போன்றவற்றில் இரண்டு அணுக்கள், ஒரு சிறு தண்டின் இருமுனையிலும் கோத்த குண்டுகள் போல இணைந்து நிற்கும். அவை மூவழி இயங்குவதோடு, குறுக்காக இருவகையில் சுழலவும் செய்யும். ஆதலின் அவற்றிற்கு 5 கலோரி. நேர்கோட்டில் அமையாது வளைந்து நிற்கும் நீராவியின் மூலக்கூறு மூவகையிலும் சுழல்வதால் அதற்கு 6 கலோரியளவு வேண்டும். உந்துதற்குரிய 2 கலோரியை இவற்றோடு கூட்டி விகிதம் காணின், ஓரணு வாயுவிற்கு ஐந்தை மூன்றால் வகுத்து 1.67, ஈரணு வாயுவிற்கு ஏழை ஐந்தால் வகுத்து 1.40, நீராவிக்கு எட்டை ஆறால் வகுத்து 1.33. கண்ணாற் காணவொண்ணாத மூலக்கூற்றின் வடிவத்தை வெப்பத்தின் அளவு நமக்கு உணர்த்திவிடுகின்றது.

இன்று பள்ளிச் சிறுவரும் செய்யத்தக்க இக்கணக்கை அடைதற்கு அறிஞர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தனர். அவருள் முதல்வர் நியூட்டன் பெருமான். அவர் தன்வெப்பத்தை ஆராய்ந்தாரல்லர். காற்றில் ஒலி செல்லும் வேகத்தைக் கணக்கிட்டார். 1713-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரின்ஸிபியாவின் இரண்டாம் பதிப்பில் கணக்கின்படி வந்த வேகம் நொடிக்கு 979 அடி. அளந்து கண்ட வேகமோ 1142 அடி. இவ்விடைவெளியை அவர் அவ்வாறே விட்டுவைத்தாரல்லர். காற்றின் துகள்கள் அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை ஒலி நேரமின்றியே கடக்கும் என்று கூறி 979-ஐ 1088 ஆக உயர்த்தினார். காற்றிற் கலந்த நீராவி ஒலியில் பங்குகொள்ளாது என்று கூறி எஞ்சியதையும் நிரப்பினார். விடை சரியாக 1142 ஆயிற்று. அவ்விரு காரணங்களுக்கும் தனிச் சான்று யாதும் இல்லை. விடையை முன்னே வைத்துக்கொண்டு காரணத்தைப் பின்னே தேடியதாகவே அச்செயல் இன்று கருதப்படுகின்றது. ஒலி காற்றை நெருக்குங்கால் காற்றுச் சூடேறுகின்றது; அச்சூட்டால் ஒலியின் வேகம் மிகுகின்றது. இவ்வுண்மையை 1816-இல் வெளிப்படுத்தியவர் லாப்லாஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர். நியூட்டன் மூடிவைத்த இடைவெளியில் இருந்தது எம் நண்பர் தேடிய அதே விகிதம்! உலகம் போற்றும் பேரறிஞர்க்கும் எம் அறையில் அன்றிரவு நேர்ந்த சோதனையே நேர்ந்தது என்பதை எண்ணுங்கால், அவரை இகழ எமக்கு மனம் வரவில்லை, அச்சமே வருகின்றது.

அடுத்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1860-இல் அவர் வாயுக்களின் இயக்கத்தைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை. எண்ணற்ற மூலக்கூறுகள் ஓயாது ஓடி மோதுவதே வாயுவின் இயல்பு என்னும் கொள்கையை அக்கட்டுரை விரித்தது. வாயுவின் அழுத்தம், ஒரு வாயு மற்றொன்றிற் பரவுதல், வாயுவின் பிசுக்குத்தன்மை ஆகியவற்றை அக்கொள்கை விளக்கிற்று. ஆயின் தன்வெப்பத்தில் அது தவறிற்று. கோளமல்லாத மூலக்கூறு மூவழி இயங்கி மூவகையிலும் சுழலும். இயக்கம் ஒவ்வொன்றும் சமபங்கு பெறும். ஆகவே விகிதம் 1.33 ஆதல் வேண்டும். காற்று முதலிய வாயுக்களில் அந்நாளில் அளந்து கண்டதோ 1.408. வேறுபாடு சிறிதே. சோதனையின் பிழை என்று அதனைத் தள்ளியிருக்கலாம். துணைக்காரணம் ஒன்றைக் கற்பித்து ஒட்டியிருக்கலாம். மாக்ஸ்வெல் இரண்டையும் செய்திலர். தாம் கற்பித்த துகட்கூட்டம் எல்லா வாயுக்களின் தன்வெப்ப விகிதத்திற்கும் ஒருவாற்றானும் பொருந்தாது என்று தம் கட்டுரையின் இறுதியிலேயே எழுதிவைத்தார். தம் கையால் கட்டிய மனையின் விரிசலைத் தாமே விரல் சுட்டிக் காட்டினார் எனலாம். பதினைந்து ஆண்டுகள் கழிந்து 1875-இல் லண்டன் இரசாயனச் சங்கத்தில் பேசியபோதும், மூலக்கூற்றுக் கொள்கை அதுகாறும் சந்தித்த இடர்களுள் இதுவே பெரிது என்று மீண்டும் எடுத்துரைத்தார்.

மறையாது வைத்த முரண் பிறரை உழைக்கத் தூண்டிற்று. 1876-இல் குந்த், வார்பர்க் என்னும் ஜெர்மானியர் இருவர் பாதரச ஆவியில் ஒலியின் வேகத்தை அளந்து, அதன் விகிதம் 1.67 எனக் கண்டனர். பாதரச ஆவியில் அணுக்கள் தனித்து நிற்பன என்று இரசாயன நூலார் முன்னரே கூறியிருந்தனர். இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. அதே ஆண்டில் போல்ட்ஸ்மான், ஈரணு மூலக்கூறு தன் தண்டினைச் சுற்றிச் சுழல்வதில்லை எனக் கொண்டால் 1.40 வரும் என்று காட்டினார். கணக்கு நேராயிற்று, ஆயினும் அது ஏன் சுழல்வதில்லை என்பதற்கு விடை கிடைத்திலது. அன்றியும், வாயுக்கள் உமிழும் ஒளியை ஆராய்ந்தார்க்கு மூலக்கூற்றினுள்ளே பலவகை அதிர்வுகள் உள என்பது தெரிந்திருந்தது. அவ்வதிர்வுகள் தம் பங்கு வெப்பத்தைப் பெறாதிருப்பது எங்ஙனம்? இவ்வினாவை முன்வைத்து நின்ற மாக்ஸ்வெல், விடை காணாமலே 1879-இல் தம் நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

பொருந்தாத அளவை மதித்ததன் பயனுக்கு ஆர்கான் மற்றொரு சான்று. காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன், இரசாயனப் பொருள்களிலிருந்து பெற்றதினும் மிகச் சிறிதளவே எடை மிகுந்திருப்பதை ராலே பிரபு கண்டார். 1892-இல் அதனைப் பத்திரிகை வாயிலாக வெளியிட்டு, காரணம் அறிந்தார் கூறுக என வேண்டினார். ராம்சேயும் அவரும் உழைத்து 1894-இல் புதிய வாயு ஒன்றை அறிவித்தனர். அதன் மூலக்கூற்றில் அணு எத்தனை? அவ்வாயு எதனோடும் கூடாதாகலின் இரசாயன முறைகளால் அதனை அறிதல் இயலாதாயிற்று. ஒலியின் வேகத்தால் தன்வெப்ப விகிதத்தை அளந்தனர், 1.67-ஐ ஒட்டி வந்தது. ஆகவே அணு ஒன்றே என்று துணிந்தனர். மெண்டலீவ் முதலியோர் முதலில் அதனை ஏற்றிலர். மூன்று நைட்ரஜன் அணுக்கள் கூடியதாகலாம் என ஐயுற்றனர். முடிவில் அவ்விகிதம் கூறியதே உண்மையாயிற்று. ஆர்கானும் அதன் இனமும் தனிமவரிசையில் தமக்கெனத் தனி இடம் பெற்றன.

மாக்ஸ்வெல் கண்ட முரண் மட்டும் அந்நூற்றாண்டு முழுதும் தீர்ந்திலது. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கெல்வின் பிரபு லண்டனில் பேசியபோது, வெப்பக் கொள்கையின் வானத்தில் இரு மேகங்கள் கவிந்துள்ளன என்றார்; அவற்றுள் ஒன்று இதுவே. அவ்வாண்டின் இறுதியில் பிளாங்க் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். அதிர்வுகள் ஆற்றலை நினைத்த அளவிற் பெறா. குறித்த பொட்டலங்களாகவே பெறும் என்பது அது. 1907-இல் ஐன்ஸ்டைன் அக்கருத்தைத் திடப்பொருள்களின் தன்வெப்பத்திற்குப் பொருத்திக் காட்டினார். அதன்பின் வாயுக்களின் மறையும் விளங்கலாயிற்று.

இதனை உவமையாற் கூறுவோம். ஒரு வணிகன் நெல்லை மரக்காலால் அளந்தே விற்பான். அதனிற் குறையத் தாரான். ஆழாக்குக்கு மட்டும் காசு உடையவன் அவன் கடைக்குச் செல்லின் வெறுங்கையோடு திரும்புவான். மூலக்கூற்றின் ஒவ்வோர் இயக்கமும் அத்தகைய வணிகனே. நைட்ரஜனின் அணுக்களைப் பிணைக்கும் கட்டு மிக வலியது. ஆதலின் அதன் அதிர்வுக்கு வேண்டும் பொட்டலம் பெரிது. நம் அறையின் சூட்டில் மோதல்கள் தரும் ஆற்றல் அதற்குப் போதாது, அவ்வதிர்வு உறங்கிக்கிடக்கும். உலையின் கடுஞ்சூட்டில்தான் அது விழிக்கும். குளோரினின் அணுக்கள் பளுவானவை, கட்டும் நெகிழ்ந்தது, பொட்டலம் சிறிது. ஆதலின் அறைச்சூட்டிலேயே அதன் அதிர்வு பெரும்பாலும் விழித்திருக்கும். 5 கலோரி இருக்கவேண்டிய இடத்தில் 6-ஐச் சற்றே கடந்து நிற்கும். கரியமில வாயுவின் மூன்று அணுக்கள் நேர்கோட்டில் நிற்பதால் அதற்கும் 5 கலோரியே உரியது. ஆயின் அக்கோடு எளிதில் வளைந்தாடுவதால் ஏறத்தாழ 7 கலோரி வரை செல்கின்றது. தண்டினைச் சுற்றிய சுழற்சிக்கும் தனி அணுவின் சுழற்சிக்கும் வேண்டும் பொட்டலமோ மிக மிகப் பெரிது. போல்ட்ஸ்மானின் கணக்கு ஏன் பொருந்திற்று என்பதற்கு இதுவே விடை.

1912-இல் ஆய்க்கன் என்பவர் ஹைட்ரஜனை உறைநிலைக்குக் கீழே 200 டிகிரிக்கும் அப்பால் குளிரச்செய்து அளந்தார். 5 கலோரியளவு கொண்ட அவ்வாயு படிப்படியாகக் குறைந்து 3 கலோரியில் நின்றது. ஈரணு வாயு ஓரணு வாயுவைப் போல ஒழுகிற்று, சுழற்சியும் உறங்கிவிட்டது! ஆயினும் அளவைகள் காட்டிய வளைகோடு கணக்கோடு முற்றும் இயையவில்லை. அச்சிறு வேறுபாட்டையும் அறிஞர் புறக்கணித்திலர். ஹைட்ரஜன் இருவகை மூலக்கூறுகள் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்த கலவை என்று 1927-இல் டெனிசன் காட்டியபோது அதுவும் நேராயிற்று. அணுவின் கருவுக்கும் ஒருவகைத் தற்சுழற்சி உண்டென்பதை வெப்ப அளவு ஒன்றே வெளிப்படுத்திற்று.

எம் சொந்தத் துறையிலும் இந்நேர்மைக்குச் சான்று உண்டு. ஆர்கானை அறிவித்த அதே 1894-இல் உ. வே. சாமிநாதையரவர்கள் புறநானூற்றை அச்சிட்டார்கள். 267, 268 ஆகிய இரு பாட்டுக்கள் கிடைத்தில. வேறு பல பாட்டுக்களில் அடிகள் சிதைந்திருந்தன. செய்யுளியற்ற வல்ல அப்பெரியார்க்கு அவ்விடங்களைத் தாமே நிரப்புதல் அரிய செயலன்று. நிரப்பியிருப்பின் அவ்வமயம் யார் கண்டிருப்பர்? ஆயினும் இல்லாததை இல்லாததாகவே புள்ளியிட்டு வைத்தார்கள். அப்புள்ளிகள் இருப்பதனாலன்றோ எஞ்சிய அடிகளை நாம் நம்பிக் கற்கின்றோம்! அந்நூலை நாள்தோறும் ஓதும் யாம் அதே கையால் நண்பரது அளவைத் திருத்தச் சொன்னோம் என்பதே எம்மை மிகவும் வருத்துவது.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். மாக்ஸ்வெல் கண்டது இயற்கையின் முரண். மாணவர் கண்டது கைப்பிழை. இரண்டையும் ஒப்பிடலாமா என்பர். உண்மைதான். 1.31 என்பது புதிய கண்டுபிடிப்பன்று. கலத்தின் வாயைத் தேவையினும் நெடிது திறந்திருந்தால் வெளிச்சூடு உள்ளே புகும். காற்றை அழுத்திய பின் அது ஆறும்வரை பொறாது திறந்தாலும் விகிதம் குறையும். ஆயினும் அக்காரணங்களை நண்பர் அன்றிரவு தேடியிருத்தல் கூடும். 5.1 என்று எழுதிய கணத்தில் தேடுதற்கு ஒன்றும் எஞ்சிற்றில்லை. பிழையைத் திருத்தினோம் என்று எண்ணி, பிழை கற்பிக்க வந்த பாடத்தைத் துரத்திவிட்டோம். மேலும், கைப்பிழையையும் இயற்கையின் முரணையும் முதற்பார்வையிற் பிரித்தறிதல் யார்க்கும் இயலாது. சிறியதை மறைக்கப் பழகிய கை பெரியது வரும்போதும் மறைக்கவே செய்யும்.

மதிப்பெண் குறையுமே என்பது மற்றொரு மறுப்பு. அது வெறும் மறுப்பன்று, அச்சம். கட்டணத் தொகைக்கும் உதவித் தொகைக்கும் மதிப்பெண்ணையே நம்பியிருக்கும் மாணவர் பலர் நம்மிடை உளர். அவரை வெறும் அறவுரையால் திருத்தல் இயலாது. ஆதலின் ஆசிரியப் பெருமக்களை ஒன்று வேண்டுவோம். நூலிற் கண்ட எண்ணோடு பொருந்திய விடைக்கு மட்டுமன்றி, பொருந்தாத விடையை உள்ளவாறு எழுதி அதன் காரணத்தை ஆராய்ந்தார்க்கும் முழு மதிப்பெண் அளித்தல் வேண்டும். குறிப்பேட்டில் அதற்கெனப் பக்கம் ஒன்று ஒதுக்குதல் நன்று. மாணவ நண்பர்களையும் ஒன்று வேண்டுவோம். அருகிலிருப்பவர் எழுதுகோலைப் பிடித்து வாளாவிருக்கும்போது, நாம் சொல்லும் ஒரு சொல் அவரைத் திருப்பவல்லது என்பதை மறவாதிருப்போமாக.

யாம் படித்தவற்றை விடுமுறைக்குப் பின் நண்பரிடம் கூறினோம். அவர் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. மறுவாரம் ஆசிரியரிடம் அனுமதி பெற்று அச்சோதனையை மீண்டும் செய்தார். காற்று ஆறும்வரை காத்திருந்து, வாயை விரைந்து மூடினார். இம்முறை வந்தது 1.37. அதனை அவ்வாறே எழுதினார். எஞ்சிய வேறுபாட்டிற்குக் காரணம் எனத் தாம் கருதுவனவற்றையும் அதன்கீழ் எழுதினார். பின்னர்ப் பழைய பக்கத்தைத் திறந்து, 5.1 என்றிருந்ததன் அருகே "நான் கண்டது 4.3" என்று எழுதி, நாளிட்டுக் கையொப்பமும் இட்டு, ஆசிரியரிடம் காட்டினார். அவ்வெண்ணை மாற்றச் சொன்னவர் யார் என்பதை மட்டும் அவர் எங்கும் எழுதவில்லை. அக்குறையை நிறைவுசெய்தற்கே இக்கட்டுரையை எழுதினோம்.